தம்பி பாட்டுக்கு என்ன சொல்வது?

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். என் சித்தி மகனுக்கு 23 வயது. ராத்திரி வேலை முடிந்து வந்ததும் தானே எழுதி, மெட்டுப் போட்டு, பாடி யூடியூபில் ஏற்றுகிறான். இதுவரை ஆறு பாட்டு. முறையாகச் சங்கீதம் படித்தவன் இல்லை. ஒவ்வொரு தடவையும் "எப்படி இருக்குக்கா?" என்று கேட்பான், நானும் "சூப்பர்டா" என்பேன். போன வாரம், "எல்லாரும் இதையேதான் சொல்றீங்க" என்று முகம் வாடிப்போய்விட்டான். எனக்கும் இசை தெரியாது. தெரியாத ஒருத்தி எப்படிக் கேட்பது, என்ன சொல்வது? இணைப்புகளை அனுப்பியிருக்கிறேன். முடிந்தால் கேளுங்கள்.

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்.,

ஆறையும் கேட்டேன். முதலில் செல்போனில், அப்புறம் ஹெட்போனில். அந்த வரிசை தப்பு என்று இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. பல்லவிக்கு அடியில் பேஸ் கிட்டார் ஒன்று தனியாக ஒரு மெட்டு வாசித்துக்கொண்டு போகிறது. போன் ஸ்பீக்கரில் கீழ்ஸ்தாயி ஒலிகள் பெரும்பாலும் வருவதே இல்லை. பாட்டு வெறிச்சென்று இருக்கிறது என்று குறித்து வைத்திருந்தேன், அதை அடித்துவிட்டேன். ஐந்நூறு ரூபாய் ஒயர் ஹெட்போன் போதும், ஆனால் அதில் கேளுங்கள்.

இன்னொன்று சத்தம். தம்பி வீட்டில் மிக்ஸ் செய்த பாட்டு, சினிமாப் பாட்டைவிடச் சத்தம் குறைந்துதான் இருக்கிறது. ஒரே பாட்டைக் கொஞ்சம் கூட்டி வைத்தாலே நம் காதுக்கு அது மேலான பாட்டாகத் தெரியும். சத்தம் குறையக் குறையக் காது கீழ்ஸ்தாயியைத்தான் முதலில் இழக்கிறது. 1933-லேயே ஃபிளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஒலி ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டிவிட்டார்கள். அதனால் சினிமாப் பாட்டு ஓடி முடிந்த கையோடு தம்பியின் பாட்டைப் போட்டால், வால்யூமை ஏற்றி இரண்டையும் சமமாக்கிவிட்டுக் கேளுங்கள். அதுவரை எதையும் முடிவு செய்யவேண்டாம்.

இனி பாட்டுக்கு வருகிறேன். சினிமாப் பாட்டு ஒன்றில் இசையமைப்பாளர், பாடலாசிரியர், வாத்தியக்காரர்கள், பாடகர், ஒலிப்பதிவாளர் என்று எத்தனையோ கை இருக்கிறது. பல நேரம் மெட்டு முதலில் வரும். "தன தன" என்று சொல் இல்லாமல் மெட்டைக் காட்டும் தத்தகாரத்தை வைத்துக்கொண்டு கவிஞர் சொல்லை நிரப்புவார். சொல் இடித்தால் இசையமைப்பாளர் வேறு கேட்பார், பாட வந்தவர்கூட "இந்த இடத்தில் மூச்சு பத்தவில்லை" என்று நிறுத்துவார். ராத்திரி பதினோரு மணிக்கு அறைக்கதவைச் சாத்திக்கொண்டு பாடும் உங்கள் தம்பியை நிறுத்த ஆள் இல்லை. அவர் பாட்டுகளில் நான் கண்ட குறைகளில் முக்கால்வாசி இதனால் வந்தவை. திறமைக் குறைவு என்று சொல்லமாட்டேன்.

நான்காவது பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள், ஆறில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். பல்லவியில் "மனம் போன தெருவெல்லாம்" என்று ஒரு வரி. மெட்டு முதல் எழுத்தில் நீளமாக நிற்கிறது. அதனால் பாடும்போது அது "மானம் போன தெருவெல்லாம்" என்று காதில் விழுகிறது. பாட்டின் பொருளே திரும்பிவிடுகிறது. தமிழில் குறிலை நீட்டினால் வேறு சொல் பிறந்துவிடும். வனம் வானமாகும், படம் பாடமாகும். குறிலை நீட்டவே கூடாது என்றும் இல்லை. "கெடுப்பதூஉம்" என்று குறளிலேயே ஓசை இனிமைக்காகக் குறில் நெடிலாகி நீள்கிறது. அங்கே பொருள் கெடவில்லை, அவ்வளவுதான்.

இதற்கு வழி நம் இலக்கணத்திலேயே இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒற்றளபெடை, அதாவது மெய்யெழுத்து நீண்டு ஒலிப்பது, படித்திருப்பீர்கள். ங, ஞ, ண, ந, ம, ன, வ, ய, ல, ள ஆகிய பத்து மெய்களும் ஆய்தமும் நீளலாம் என்கிறது நன்னூல். எங்கே நீளலாம் என்றால், ஒரு குறிலுக்கோ இரண்டு குறிலுக்கோ பின்னால், சொல்லின் நடுவிலோ கடைசியிலோ. பட்டியலில் க, ச, ட, த, ப, ற இல்லை, பாடிப் பார்த்தால் காரணம் தெரியும். "ட்" என்பதில் காற்று அடைபட்டுவிடும், "ம்" என்பதில் மூக்கு வழியாக ஓடிக்கொண்டே இருக்கும். "மனம்" என்ற சொல்லில் இரண்டு குறிலைத் தாண்டி "ம்" நிற்கிறது. ஆக, "மன" என்பதைச் சட்டென்று சொல்லிவிட்டு "ம்ம்" என்று மெட்டை அங்கே நிறுத்தினால் போதும். ஒரு ஸ்வரம்கூட மாற்றவேண்டாம். நானே பாடிப் பார்த்தேன், அந்த வரிக்கு ஒரு ஏக்கமும் கூட வந்து சேர்கிறது. இதை அவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஐந்தாவது பாட்டில் ஆட்டோடியூன் அதிகம். 1997-ல் வந்த அந்த மென்பொருள் சுருதி விலகிய குரலை இழுத்துப் பக்கத்து ஸ்வரத்தில் உட்கார வைக்கும். வேகமாக இழுக்கச் சொன்னால் ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போகவேண்டிய கமகம் என்ற அசைவு படிக்கட்டாகிவிடும். சரணத்தின் கடைசி வரியில் அப்படித்தான் ஆகியிருக்கிறது. முதல் பாட்டில் அதே மாதிரி ஒரு இறக்கத்தை எந்த உதவியும் இல்லாமல் அழகாகப் பாடியவர்தான் இவர். சுருதி கொஞ்சம் அசைந்தால் அசையட்டும்.

அறை எதிரொலி, ஒரு இடத்தில் பைக் சத்தம், இதெல்லாம் எனக்குப் பொருட்டே இல்லை. நாளைக்கு எதிரொலி இல்லாத, அமைதியான அறையில் பதிவு செய்தால் சரியாகிவிடும்.

இசை தெரியாது என்கிறீர்கள். பாட்டுக் கேட்கும்போது எந்த இடத்தில் கவனம் நழுவியது என்பது உங்களுக்குத் தெரியுமல்லவா? முதல் தடவை எதையும் குறிக்காமல் கேளுங்கள். இரண்டாம் தடவை, மனம் வேறெங்கோ போன நிமிடத்தையும், திரும்பக் கேட்கத் தோன்றிய நிமிடத்தையும் எழுதி வையுங்கள். "1:40-ல் என் கவனம் போய்விட்டது, 2:15-ல் திரும்பி வந்தது" என்று சொல்லுங்கள். காரணத்தை நீங்கள் கண்டுபிடிக்கவேண்டாம், அது பாட்டு கட்டியவரின் வேலை. "இன்ட்ரோ நீளம்", "பீட் பழசு" என்றெல்லாம் தீர்ப்புச் சொன்னால் அவர் வாதாடத் தொடங்குவார். கவனம் போன நிமிடத்தோடு யாரும் வாதாட முடியாது.

பிடித்ததையும் அதே மாதிரி இடம் குறித்துச் சொல்லவேண்டும். கல்லூரி விடுதி மொட்டை மாடியில் நண்பன் ஒருவன் சொந்தமாகக் கட்டிய பாட்டைப் பாடிக் காட்டினான். குரல் இறங்கும் என்று எதிர்பார்த்த இடத்தில் அவன் மேலே போனான், எனக்குச் சிலிர்த்தது. "நல்லா இருக்குடா" என்று மட்டும் சொன்னேன். எந்த இடம் என்று சொல்லத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவன் என்னிடம் பாடவே இல்லை. அந்த ஏற்றம் இன்றும் என் காதில் இருக்கிறது, அவனுக்கு அது தெரியாது.

நான்காவது பாட்டைப் பீட் எதுவும் இல்லாமல், செல்போனில் சுருதிப் பெட்டி ஆப்பை மட்டும் வைத்துக்கொண்டு பாடிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். "ம்"-மில் நிறுத்தி ஒரு தடவை, பழையபடி ஒரு தடவை. இரண்டையும் நீங்கள் கேட்டுவிட்டு எனக்கும் அனுப்புங்கள்.