ஆராய்ச்சியும் நடக்கிற மையத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போகலாமா?

கேள்வி: என் மகன் 28 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது 7 மாதம் ஆகிறது. எதற்கும் வலது கையைத்தான் நீட்டுகிறான், இடது கையை எப்போதும் மூடியே வைத்திருக்கிறான். ஒரு டாக்டர் "ஒரு வயது வரை பொறுத்துப் பார்க்கலாம்" என்றார். இன்னொருவர் குழந்தைகளின் வளர்ச்சிக் குறைபாடுகளுக்கென்றே இருக்கும் மையத்துக்குக் கடிதம் கொடுத்திருக்கிறார். அங்கே ஆராய்ச்சியும் நடக்கிறதாம், படிக்கிற டாக்டர்களும் வருவார்களாம். பிள்ளையைச் சோதனைப் பொருளாக்கிவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. உறவினர் ஒருவர் ஆக்சிஜன் அறை சிகிச்சை செய்யலாம் என்கிறார். என்ன செய்வது?

பதில்: போங்கள், முடிந்தால் இந்த வாரமே போங்கள். ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்று சொல்லிவிடுகிறேன்.

உங்கள் மகன் ஏறத்தாழ 12 வாரம் முன்னதாகப் பிறந்தவன், அதனால் அவன் வளர்ச்சியைக் கணக்கிடும்போது 7 மாதத்திலிருந்து அந்த 12 வாரத்தைக் கழிக்க வேண்டும். இதைத் திருத்திய வயது என்போம். அப்படிப் பார்த்தால் அவனுக்கு இப்போது 18 வாரம்தான். இந்த வயதுக்கு ஒரு முக்கியத்துவம் உண்டு. திருத்திய வயது 9 முதல் 20 வாரம் வரை, விழித்துக்கொண்டு அமைதியாகப் படுத்திருக்கிற குழந்தையின் கழுத்து, கை, கால் எல்லாம் சின்னச் சின்னதாக எல்லாத் திசையிலும் நெளிந்துகொண்டே இருக்கும். ஹைன்ஸ் பிரெக்டல் என்ற மருத்துவர் தன் குழுவினரோடு 130 குழந்தைகளின் இந்த அசைவுகளை வீடியோவில் கவனித்து, 1997-ல் வெளியிட்டார். அசைவு சரியாக இருந்த 70 பேரில் 67 பேருக்குப் பின்னாளில் நரம்பு சார்ந்த பிரச்சினை ஏதுமில்லை. அசைவே இல்லாத அல்லது மாறுபட்டிருந்த 60 பேரில் 57 பேருக்குப் பிரச்சினை இருந்தது. ஊசி, கதிர்வீச்சு எதுவும் இல்லாமல் வெறுமனே உற்றுப் பார்த்தே இவ்வளவு தெரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் அதற்கான காலம் உங்கள் பையனுக்கு இன்னும் 2 வாரத்தில் முடிந்துவிடும்.

நான்கு மாதம் தாண்டியும் கை இறுக மூடியிருப்பதும், ஒரு வயதுக்குள்ளேயே ஒரு கையை மட்டும் பயன்படுத்துவதும் கவனிக்க வேண்டிய அறிகுறிகள். இவை இருந்தாலே நோய் என்று அர்த்தமில்லை. ஆனால் குறைமாதப் பிரசவமும் சேர்ந்திருப்பதால் செரிப்ரல் பால்சி, அதாவது வளரும் மூளையில் ஏற்பட்ட பாதிப்பால் உடல் அசைவு தடைபடுகிற பெருமூளை வாதம், இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அசைவு மதிப்பீடு, நரம்புப் பரிசோதனை, எம்.ஆர்.ஐ. ஸ்கேன் ஆகியவற்றைச் சேர்த்துப் பார்த்தால் திருத்திய வயது 6 மாதத்துக்குள்ளேயே பெரும்பாலும் கண்டுபிடித்துவிடலாம் என்று அயோனா நோவாக் என்ற ஆராய்ச்சியாளர் தலைமையிலான பன்னாட்டுக் குழு 2017-ல் தெளிவாகவே எழுதியது. முன்பெல்லாம் ஒன்று, இரண்டு வயது வரை காத்திருப்பது வழக்கம். உங்களைப் பொறுக்கச் சொன்ன டாக்டர் அக்கறையில்லாமல் சொல்லியிருக்க மாட்டார், அவர் படித்த காலத்துப் பாடம் அப்படி. அதனால்தான் சிகிச்சை, ஆராய்ச்சி, கற்பித்தல் மூன்றையும் ஒரே மருத்துவர்கள் முன்னின்று நடத்துகிற இடத்தை நான் விரும்புகிறேன். புதிதாகத் தெரியவந்த விஷயம் குழந்தையின் கட்டில் வரைக்கும் வந்து சேர வருடக்கணக்கில் ஆகிறது, இந்த மூன்று வேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் அந்த இடைவெளி குறையும்.

ஆராய்ச்சி என்றதும் யாரோ மருந்தைச் செலுத்திப் பார்ப்பார்கள் என்று நினைத்துவிடுகிறோம். இந்தத் துறையில் நடக்கிற நிறைய ஆராய்ச்சி கவனிப்பதும் அளப்பதும்தான். கனடாவில் பீட்டர் ரோசன்பாம் என்ற குழந்தை மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் ஒன்டாரியோ மாகாணத்தில் பெருமூளை வாதம் உள்ள 657 குழந்தைகளைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து, எந்த நிலையில் உள்ள குழந்தை எந்த வயதில் எவ்வளவு இயங்கும் என்று 2002-ல் வரைபடமாகவே போட்டுக் கொடுத்தார்கள். "என் பிள்ளை நடப்பானா?" என்று கேட்கிற பெற்றோருக்கு ஊகமாக இல்லாமல் இன்று ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடிகிறது என்றால், அந்த 657 குடும்பங்களும் சம்மதித்ததால்தான். நீங்களும் அதைக் கேட்க நினைத்திருப்பீர்கள். பாதிப்பு இருந்து, அது ஒரு பக்கத்தோடு நின்றிருந்தால், அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் தாமாகவே நடக்கிறார்கள்.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் பிள்ளையை எந்தச் சோதனை ஆய்விலும் சேர்க்கக் கூடாது. சேர்ந்த பிறகும் எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலகியதற்காகச் சிகிச்சையில் ஒரு குறையும் வைக்கக் கூடாது. எது வழக்கமான சிகிச்சை, எது ஆய்வுக்காகச் செய்வது என்று வாய்விட்டுக் கேளுங்கள், பதில் மழுப்பலாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். மாணவர்கள் கூட்டமாக நின்று பையன் மிரண்டு அழுதால் "கொஞ்சம் வெளியே இருங்கள்" என்று நீங்கள் சொல்லலாம், அது உங்கள் உரிமை. ஆனால் ஒருவர் இருவராவது பார்க்க விட்டால் நல்லது, நாளைக்கு இன்னொரு தாயிடம் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று சொல்லாமல் இருக்கப் போகிறவர்கள் அவர்கள்தான்.

ஆக்சிஜன் அறை வேண்டவே வேண்டாம். பெருமூளை வாதம் உள்ள 111 குழந்தைகளை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு அழுத்தமூட்டிய ஆக்சிஜன், இன்னொரு குழுவுக்கு லேசாக அழுத்தமூட்டிய சாதாரணக் காற்று கொடுத்துப் பார்த்த கனடிய ஆய்வு 2001-லேயே வந்துவிட்டது. இரண்டு குழுவிலும் முன்னேற்றம் ஒரே அளவுதான், காது பிரச்சினை மட்டும் ஆக்சிஜன் குழுவில் அதிகம். அந்தப் பணத்தையும் நேரத்தையும் பிசியோதெரபிக்கும் கைப் பயிற்சிக்கும் வைத்துக்கொள்ளுங்கள். பாதிப்பு உறுதியானால், நல்ல கைக்குத் தினமும் கொஞ்ச நேரம் மெல்லிய உறை போட்டு, மற்ற கையை விளையாட்டாகவே பழக்குகிற முறை ஒன்று உண்டு. அதைத் தெரபிஸ்ட் பார்த்துச் சொல்லிக்கொடுத்த பிறகுதான் செய்ய வேண்டும், நீங்களாக வலது கையைக் கட்டிவைத்துவிடாதீர்கள்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கத் தாமதமானால் இன்றே போனில் ஒரு வீடியோ எடுத்துவிடுங்கள். பால் குடித்து, தூங்கி எழுந்து, அழாமல் இருக்கிற நேரம் பார்த்து மல்லாக்கப் படுக்க வையுங்கள். கை, கால் மறையாத உடை போதும். பொம்மை, சூப்பான் எதுவும் வேண்டாம், யாரும் கொஞ்ச வேண்டாம். முழு உடலும் தெரிகிற மாதிரி மேலிருந்து 3 முதல் 5 நிமிடம் எடுத்து, தேதி குறித்து வைத்துக்கொண்டு மையத்தில் காட்டுங்கள்.

அப்புறம் ஒன்று. பையன் தூங்கி எழுந்ததும் திடீரென்று தலை கவிழ்ந்து, கை விரிந்து உதறுவதுபோல் வரிசையாகப் பல முறை செய்தால் அதை வெறும் திடுக்கிடல் என்று விட்டுவிடாதீர்கள். அது ஒரு வகை வலிப்பாக இருக்கலாம், அப்போது மையத்தின் தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.