டிவியைப் போடுங்கள், தம்பி

காசாச் செய்தி பார்த்த கையோடு தேவகோட்டை வீட்டு முகப்பில் நண்பர்களோடு உட்கார்ந்து சிக்ஸருக்குக் கத்தியதை மச்சான் குத்திக்காட்டினார், அதிலிருந்து மேட்சே பார்ப்பதில்லை என்று எழுதியிருந்தீர்கள். மச்சானும் தை மாதம் சிராவயல் மஞ்சுவிரட்டுக்குப் போகிறவர்தானே?

2023 கிரிக்கெட் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்டோபரில் ஆப்கானிஸ்தானின் ஹெராத் பகுதி நிலநடுக்கத்தில் ஆயிரத்துக்கும் மேல் சாவு. அந்நாட்டு வீரர் ரஷித் கான் மட்டையை வைத்துவிட்டுப் போகவில்லை. ஆடினார், அந்தத் தொடரின் ஆட்டச் சம்பளம் முழுவதையும் பாதிக்கப்பட்டவர்களுக்குத் தருவதாக அறிவித்தார். அதே மாதம் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானை ஆப்கானிஸ்தான் சாய்த்தது. 87 ரன் அடித்த இப்ராஹிம் சத்ரான், பாகிஸ்தானிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட ஆப்கானியருக்குத் தன் ஆட்டநாயகன் விருதை அர்ப்பணித்தார். அடிபட்ட ஊர்க்காரர்களே ஆட்டத்தை விடவில்லை. நீங்கள் டிவியை அணைத்தால் காசாவில் யாருக்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்கும்?

சரி, உறுத்தல் போகவில்லையா? நம்பகமான நிவாரண நிதிக்கு மாதம் ஒரு தொகை போகிற மாதிரி வங்கியில் சொல்லி வையுங்கள். அப்புறம், மேட்ச் நடக்கும்போது போனில் செய்தியைத் தள்ளிக்கொண்டே இருக்காதீர்கள். அதற்குக் காலையில் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும்.