ஆத்து வெள்ளம்: கரையை உசத்தினா போதுமா?

கேள்வி: ஆத்தோரமா குடியிருக்கோம் சார். கரையை இன்னும் ஒரு ஆள் உசரத்துக்கு ஏத்திட்டா வெள்ள பயமே இருக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. சரிதானா?

பதில்: கரை வேணும், அதுல சந்தேகமே இல்லங்க. ஆனா கரையை மட்டும் நம்பி உக்காரக் கூடாது. ரெண்டு பக்கமும் உசத்தி ஆத்தை நெருக்கிட்டா, முன்னாடி வயக்காட்டுல பரவி நின்னு மெதுவா வடிஞ்ச தண்ணி இப்ப ஒதுங்க இடமில்லாம நடுவுலயே ஏறி, மொத்தமா கீழ இருக்கற ஊர் மேல போய் விழும். வண்டல் கொண்டு வர்ற ஆறுன்னா இன்னும் மோசம், வெளிய படிய வேண்டிய மண்ணு உள்ளயே படிஞ்சு ஆத்தோட தரையே மேடாகிட்டு வரும். சீனாவுல மஞ்சள் ஆறு கீழ்ப்பகுதியில சுத்தி இருக்கற சமவெளிய விட உசரத்துல ஓடறது இப்படித்தான்.

இதை விட எனக்கு கவலை தர்றது வேற ஒண்ணு. கரை இருக்குங்கற தைரியத்துல அதுக்குப் பின்னாடி வீடு, ஸ்கூல், ஆஸ்பத்திரி, சப்ஸ்டேஷன்னு எல்லாம் வந்துடுது, அப்புறம் ஒரு நாள் உடைஞ்சா நஷ்டம் பல மடங்கு. உடையறதுக்கு பெருவெள்ளம்தான் வரணும்னும் இல்ல. 2008 ஆகஸ்ட்ல நேபாளத்துல இருந்து பீகாருக்குள்ள வர்ற கோசி ஆத்தோட கரை, நேபாளத்துல குசஹாங்கற இடத்துல உடைஞ்சப்ப, அந்தக் கரை தாங்கணும்னு டிசைன் பண்ணின அளவுல கால் பங்கு தண்ணிகூட ஆத்துல வரல. பராமரிப்பு சரியில்லாத கரை எவ்வளவு உசரமா இருந்தாலும் பிரயோஜனமில்ல. பீகார்ல லட்சக்கணக்கான குடும்பங்க அந்த ஒரு உடைப்பால வீதிக்கு வந்தாங்க.

கேள்வி: அப்ப வேற என்னதான் வழி?

பதில்: ஆத்துக்கு இடம் விடணும். அமெரிக்காவுல மிசிசிப்பி ஆத்துல பல வருஷமா கரை மட்டும் போதும்னுதான் இருந்தாங்க, 1927ல அது பல இடத்துல உடைஞ்சு லட்சக்கணக்கான பேர் வீடு இழந்தப்புறம்தான், 1928ல சட்டம் போட்டு வெள்ளத்தைத் திருப்பி விடற வழிகளையும் சேர்த்துக் கட்டினாங்க. நியூ ஆர்லியன்ஸுக்கு மேல 1931ல முடிஞ்ச பானி கேரி வடிகால் அதுல ஒண்ணு. தண்ணி வெளியேற 350 கண்ணு (மதகு மாதிரி திறப்பு), ஒவ்வொண்ணுலயும் செங்குத்தா நிறுத்தி வச்ச மரக்கட்டைங்க. மட்டம் ஏறினா மேல ஓடற கிரேன் அந்தக் கட்டைகளை ஒவ்வொண்ணா உருவும், எத்தனை கண்ணு திறக்கணுமோ அவ்வளவுதான் திறப்பாங்க, தண்ணி நகரத்துக்குப் போகாம பக்கத்து ஏரிக்குப் போயிடும்.

நெதர்லாந்துல இன்னும் ஒரு படி மேல போனாங்க. 1995 வெள்ளத்துல சுமார் 2.5 லட்சம் பேரை வெளியேத்த வேண்டி வந்துச்சு. அதுக்கப்புறம் 30க்கு மேற்பட்ட இடங்கள்ல ஆத்தை அகலப்படுத்தினாங்க, நைமேகன் நகரத்துக்கு எதிர்ல வால்ங்கற ஆத்தோட கரையை சுமார் 350 மீட்டர் பின்னாடி தள்ளி வச்சு புதுசா ஒரு கால்வாயும் வெட்டினாங்க. அதுக்காக சுமார் 50 வீடு போச்சு. இதை ஏன் சொல்றேன்னா, இடம் விடறதுன்னா யாரோ ஒருத்தர் வீட்டையோ நிலத்தையோ விடணும், அவங்களை முன்னாடியே கூப்பிட்டுப் பேசி நியாயமான இழப்பீடு குடுக்காம மேப்புல கோடு மட்டும் போட்டா அது அநியாயம்.

கேள்வி: நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம் வந்துட்டுப் போயாச்சு. இனி நம்ம காலத்துல வராதுல்ல?

பதில்: அப்படி இல்லங்க. ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்புன்னுதான் அந்தக் கணக்கு, போன வருஷம் வந்தாலும் இந்த வருஷமும் அதே 1 சதவீதம்தான். 30 வருஷம் அதே வீட்டுல இருந்தா ஒரு தடவையாவது பார்க்கறதுக்கு சுமார் 26 சதவீத வாய்ப்பு. வீட்டு லோன் முடியறதுக்குள்ளன்னு வச்சுக்கோங்க.

கேள்வி: மேல அணை இருக்கே, அது தடுக்காதா?

பதில்: உள்ள காலி இடம் இருந்தா தடுக்கும். பாசனத்துக்கும் கரண்டுக்கும்னு நிறைச்சு வச்ச அணையால வர்றதை அப்படியே திறந்து விடத்தான் முடியும். மழைக்காலத்துக்கு முன்னாடி எவ்வளவு காலி வைக்கணும்னு விதி இருக்கா, அதை கடைப்பிடிக்கறாங்களான்னு நீங்க கேக்கணும்.

கேள்வி: வெள்ள நேரத்துல கரைக்கு ஊர்ப்பக்கம் தரையில தண்ணி கொப்பளிச்சு வருது. மண்ணைப் போட்டு அடைச்சிடலாமா?

பதில்: தயவுசெஞ்சு அடைக்காதீங்க. அடைச்சா பக்கத்துல வேற இடத்துல பிச்சுக்கும். முதல்ல தண்ணியோட நிறத்தைப் பாருங்க. தெளிவா வந்தா கசிவு, விடாம கண்காணிக்கணும். கலங்கலா, வாயைச் சுத்தி மணல் குவியற மாதிரி வந்தா கரைக்கு அடியில இருந்து மண்ணு அரிச்சு வெளிய வருதுன்னு அர்த்தம், கரை எப்ப வேணா உக்காந்துடலாம். அந்த ஊத்தைச் சுத்தி மணல் மூட்டையை வட்டமா அடுக்கி உள்ள தண்ணி மட்டத்தை ஏத்துவாங்க, அந்த எடையில வேகம் குறைஞ்சு மண்ணு வர்றது நின்னு தெளிஞ்ச தண்ணி மட்டும் ஒரு பக்கமா வழிஞ்சு போகும். ஆனா இது பயிற்சி உள்ளவங்க செய்யற வேலை. பார்த்தவுடனே கரைக் காவல்ல இருக்கறவங்களுக்கு சொல்லுங்க, ராத்திரியா இருந்தாலும் சொல்லுங்க, பக்கத்து வீட்டு பெரியவங்களையும் குழந்தைங்களையும் அப்பவே மேட்டுக்கு அனுப்பிடுங்க.