மாப்பிள்ளைக்கும் இதயச் செயலிழப்பு வருமா?

கேள்வி: என் மகள் அமெரிக்காவில், அட்லாண்டாவில் இருக்கிறாள். மாப்பிள்ளை கறுப்பின அமெரிக்கர், வயது 36. அவருடைய அப்பாவுக்கு 67 வயதில் இதயச் செயலிழப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன் அவருக்கு இரண்டு மணிக்கட்டிலும் ஆபரேஷன் நடந்ததாம். ரொம்ப நாளாக பி.பி. மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்போது பி.பி. இறங்கிப்போய், மாத்திரையையே நிறுத்திவிட்டார்கள். மாப்பிள்ளைக்கும் பி.பி. 140-ஐத் தாண்டுகிறது, "இந்த வயசுல மாத்திரையா?" என்கிறார். கறுப்பினத்தவருக்கு இந்த நோய் அதிகம், அவர்களுக்கென்றே தனி மருந்து உண்டு என்று படித்தேன். இது பரம்பரையாக வருவதா டாக்டர்?
– வாசகி, கோவை

பதில்: இதயச் செயலிழப்பு என்றால் இதயம் நின்றுபோவது இல்லை அம்மா. உடம்புக்குத் தேவையான அளவு ரத்தத்தை அதனால் செலுத்த முடியவில்லை என்று பொருள். படி ஏறினால் மூச்சு வாங்கும், கால் வீங்கும், மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்.

கறுப்பின அமெரிக்கர்களுக்கு இது அதிகமாகவும் இளம் வயதிலேயும் வருவது உண்மைதான். 1985-86இல் அமெரிக்காவின் நான்கு நகரங்களில், 18 முதல் 30 வயதுக்குட்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைச் சேர்த்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஏறக்குறையப் பாதிப்பேர் கறுப்பினத்தவர், பாதிப்பேர் வெள்ளையர். அடுத்த 20 ஆண்டுகளில் 27 பேருக்கு இதயச் செயலிழப்பு வந்தது. அவர்களில் 26 பேர் கறுப்பினத்தவர்! ஆனால் மாப்பிள்ளைக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டியது வேறொரு கணக்கு: நோய் வந்தவர்களில் நாலில் மூன்று பேருக்கு 40 வயதுக்குள்ளேயே ரத்த அழுத்தம் இருந்தது. 'இந்த வயசுல மாத்திரையா' என்பதற்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

சரி, அந்த ரத்த அழுத்தமாவது பிறப்பிலேயே வருவதா? அப்படியும் சொல்லிவிட முடியாது. ஒரே மேற்கு ஆப்பிரிக்க வம்சாவளியினரை மூன்று இடங்களில் வைத்து 1990களில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் ரத்த அழுத்தம் குறைவு, கரீபியன் தீவுகளில் அதைவிட அதிகம், அமெரிக்காவில் எல்லாவற்றையும்விட அதிகம், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு. முன்னோர் ஒன்றுதான், உப்பும் உடல் எடையும் வாழ்க்கைச் சூழலும்தான் மாறியிருக்கின்றன. இனத்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு, ஒழுங்காக மருத்துவம் கிடைக்காததைப் பேசாமல் விடுவது எனக்குச் சம்மதமில்லை.

தனி மருந்து என்று நீங்கள் படித்தது ஐசோசார்பைடு டைநைட்ரேட், ஹைட்ரலசின் இரண்டும் சேர்ந்த மாத்திரை. தங்களைக் கறுப்பினத்தவர் என்று சொல்லிக்கொண்ட 1,050 நோயாளிகளிடம் சோதித்ததில் இறப்பு 43 சதவீதம் குறைந்தது. 2005இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நல்ல மருந்துதான். ஆனால் அந்தச் சோதனையில் மற்ற இனத்தவர் யாருமே இல்லை என்பதால், இது கறுப்பினத்தவருக்கு மட்டும்தான் வேலை செய்யும் என்று அது நிரூபித்ததாகச் சொல்ல முடியாது. மற்ற இதய மருந்துகளோடு சேர்த்துத்தான் கொடுப்பார்கள், அவற்றுக்குப் பதிலாக அல்ல.

அப்புறம், உங்கள் சம்பந்தியின் மணிக்கட்டு. கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அதுதான். கறுப்பின அமெரிக்கர்களில் நூற்றுக்கு மூன்று நான்கு பேரிடம் டிரான்ஸ்தைரெடின் என்ற புரதத்தின் மரபணுவில் ஒரு மாற்றம் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. இருக்கிற எல்லோருக்கும் நோய் வருவதில்லை. வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் 60 வயதுக்கு மேல் அந்தப் புரதம் இதயத் தசையில் படிந்து சுவரைத் தடித்துப் போகச் செய்யும். அதற்குப் பல வருடம் முன்பே மணிக்கட்டில் படிந்து நரம்பை அழுத்தும். விரல்கள் மரத்துப்போகும், இரண்டு கைக்கும் ஆபரேஷன் தேவைப்படும். இருந்த பி.பி. தானாக இறங்குவதும் இதில் பார்ப்பதுதான். எக்கோவில் தடித்த சுவரைப் பார்த்துவிட்டு 'பழைய பி.பி.யால்' என்று எழுதிவிடுவது இன்றும் நடக்கிறது.

சம்பந்திக்கு இதுதான் என்று நான் இங்கிருந்து சொல்லவில்லை. மணிக்கட்டு ஆபரேஷனை அவருடைய இதய மருத்துவரிடம் சொல்லி, 'அமிலாய்டு இருக்குமா?' என்று கேட்கச் சொல்லுங்கள். இப்படிப் படியும் புரதத்துக்குத்தான் அந்தப் பெயர். ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனைகளோடு ஒரு ஸ்கேன், ஒரு மரபணுப் பரிசோதனை என்று போனால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 2019 முதல் இதற்கென்றே டஃபாமிடிஸ் என்ற மருந்து இருக்கிறது. சீக்கிரம் தொடங்கினால்தான் பலன் அதிகம், அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

அவரிடம் அந்த மாற்றம் இருந்தால், மாப்பிள்ளைக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அது தெரியும்வரை அவர் செய்ய வேண்டியது வீட்டில் பி.பி. பார்த்து எழுதி வைத்து மருத்துவரிடம் காட்டுவது, உப்பைக் குறைப்பது, மாத்திரை என்றால் மறுக்காமல் சாப்பிடுவது. லிசினோபிரில், எனலாபிரில் வகை மாத்திரை கொடுத்தால் மட்டும் ஒரு கவனம்: உதடோ நாக்கோ வீங்கினால் உடனே நிறுத்திவிட்டு அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். கறுப்பினத்தவருக்கு அந்த வீக்கம் மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. பேரக்குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு இப்போது எந்தப் பரிசோதனையும் தேவையில்லை.