பக்கத்து வீட்டுச் சொற்கள்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கூட்டுறவுச் சங்கத்தில் இருபது வருஷமாகப் பயிர்க்கடன் பிரிவில் வேலை. கடனுக்கு ஆங்கிலத்தில் 'டெப்ட்' என்றுதான் சொல்வேன். கல்லூரியில் படிக்கும் மகள், 'அப்பா, அது டெட்' என்று சிரிக்கிறாள். டெட் என்றால் செத்தது இல்லையா?
– ஒரு வாசகர், பாபநாசம்

பதில்: மகள் சொல்வதுதான் சரி சார். டி, ஈ, பி, டி என்று நாலு எழுத்து உட்கார்ந்திருந்தாலும் அந்த பி வாயே திறக்காது. பிரெஞ்சிலிருந்து இங்கிலாந்துக்குப் போனபோது இந்தச் சொல்லில் பி கிடையாது. லத்தீனில் இதன் மூலம் 'டெபிட்டும்' ஆயிற்றே, அந்த அடையாளம் தெரிய வேண்டாமா என்று படித்தவர்கள் பிற்பாடு எழுத்தில் மட்டும் செருகினார்கள், பேசுகிற ஜனம் கண்டுகொள்ளவில்லை. 'டவுட்' கதையும் இதேதான். ஆனால் பாருங்கள், டீக்கடையில் 'அதுல எனக்கு ஒரு டவுட்டு' என்று சொல்லும் யாரும் பி-யைச் சேர்ப்பதில்லை. டவுட் நமக்குக் காது வழியாக வந்தது, டெட் நோட்டீஸ் வழியாக வந்தது, தடுமாற்றத்துக்கு அதுதான் காரணம் என்பது என் கட்சி.

சரி, செத்தது விஷயம். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான், காதில் ஒன்றல்ல. 'பாட்டு' என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'பாடு' என்று சொல்லிப் பாருங்கள். கடன், பாட்டில் வரும் ட்-டோடு வெடுக்கென்று முடியும். செத்தது, பாடில் வரும் மெல்லிய ட்-டோடு, நடுவில் எகரம் கொஞ்சம் இழுபட்டு முடியும். நாக்கை நம் டகரத்துக்கு மடிப்பதுபோல மடிக்காமல் மேல்பல்லுக்குச் சற்று மேலே தட்டினால் போதும்.

அகராதியைத் திறந்ததே திறந்தீர்கள், அக்கம்பக்கத்தையும் பாருங்கள். டெட்டுக்கு மேல் வீட்டில் இருப்பது 'டெப்ரீ', அதாவது இடிபாடு. இங்கே பி பேசும், கடைசி எஸ் பேசாது. 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிப் போன பிறகு, ஊருக்காக ஆங்கிலத்தில் மனு எழுதி, சாய்ந்த தென்னை, பறந்த ஓடு எல்லாவற்றையும் சேர்த்து 'டெப்ரிஸ்' என்று ஓர் அலுவலகத்தில் உரக்கப் படித்தவன் நான். எதிரே இருந்தவரும் 'டெப்ரிஸ் எவ்வளவு இருக்கும்?' என்றுதான் கேட்டார், அதனால் பிரச்சினை வரவில்லை! கொஞ்சம் கீழே இறங்கினால் 'டேப்யூ', முதல் அரங்கேற்றம். அதில் கடைசி டி ஊமை.

கேள்வி: யூடியூபில் கும்பகோணம் கடப்பா செய்து காட்டினேன். செய்முறையை 'ரெசைப்' என்று சொல்லிவிட்டேனாம், ஒரே கிண்டல். 'ரெசிப்ட்' என்பதும் இதுதானா?
– ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: கிண்டல் செய்தவர்களில் எத்தனை பேருக்குப் பயத்தம்பருப்பைக் குழைய வேக வைக்கத் தெரியும் அம்மா? விடுங்கள். செய்முறை என்பது 'ரெஸிப்பி', மூன்று அசை, அழுத்தம் முதல் அசையில். பணம் கட்டினால் தரும் சீட்டு 'ரிஸீட்', பி ஊமை. இரண்டும் 'எடு, பெறு' என்ற பொருளுள்ள ஒரே லத்தீன் வினையிலிருந்து பிறந்த அக்கா தங்கைதான். ரெஸிப்பி என்பதே 'எடுத்துக்கொள்' என்ற கட்டளை. வைத்தியர்கள் மருந்துச்சீட்டை அந்தச் சொல்லில்தான் தொடங்குவார்கள், இன்றைக்கும் டாக்டர் சீட்டின் தலையில் காலில் கோடு போட்ட ஓர் ஆர் நிற்கிறதே, அது இதன் மிச்சம். ஆனால் நம் 'ரசீது' ரிஸீட்டிலிருந்து வந்தது என்று நினைத்துவிடாதீர்கள், அது பாரசீகத்திலிருந்து வந்தது.

கேள்வி: 'பை அண்ட் பை', 'பை அண்ட் லார்ஜ்' இரண்டும் ஒன்றா?
– ஒரு வாசகர், நாகப்பட்டினம்

பதில்: இல்லை. முன்னது 'கொஞ்ச நாள் போனால்', பின்னது 'பெரும்பாலும்'. பின்னது பாய்மரக்காரர்கள் பேச்சு: காற்று எதிர்ப்பக்கம் அடித்தாலும் சரி, பின்னாலிருந்து தள்ளினாலும் சரி, கப்பல் ஓடும் என்பது. உங்கள் ஊரில் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: நம்மை டெல்டாக்காரர்கள் என்கிறார்கள். டெல்டா என்றால் என்ன? அடுத்த வரியில் 'டெல்டாய்ட்' என்று இருக்கிறதே?
– ஒரு மாணவி, திருவாரூர்

பதில்: டெல்டா, கிரேக்க நெடுங்கணக்கின் நான்காம் எழுத்து. பெரிய எழுத்தில் போட்டால் அச்சு அசல் முக்கோணம். நைல் நதி கடலில் சேரும் நிலம் அந்த வடிவில் இருந்ததால் கிரேக்கர்கள் அதற்கு இந்தப் பெயரை வைத்தார்கள், பிறகு எல்லா ஆற்று முகத்துக்கும் ஒட்டிக்கொண்டது. நம்முடையதையும் வரைந்து பாரேன். கல்லணை ஒரு முனை, கொள்ளிடம் கடலில் விழும் இடம் ஒரு முனை, கோடியக்கரை ஒரு முனை, ஏறக்குறைய சரியாக வரும். டெல்டாய்ட், 'டெல்டா மாதிரி' என்று பொருள், தோளில் இருக்கும் முக்கோணத் தசை. கொரோனா ஊசி குத்தினார்களே, அதே இடம். சொல்லும்போது கடைசி ட் எது என்று கேட்டால், பாபநாசத்து வாசகருக்குச் சொன்ன 'பாடு'தான்.