மதுரைச் சமண மலைகள்: நடக்கப் போகிறவர்களின் கேள்விகள்

அண்ணா, கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் இருக்கிறது. யானைமலை, அரிட்டாபட்டி, சமணர் மலை மூன்றையும் பார்த்துவிடலாமா?

பார்க்கலாம், பாதி நாள் வண்டியிலேயே போய்விடும். முதல் தடவை என்றால் நாகமலை புதுக்கோட்டை பக்கம் இருக்கும் கீழக்குயில்குடி சமணர் மலை ஒன்றே போதும். அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில். அங்கிருந்து படியேறினால் பேச்சிப்பள்ளம். சுனையை ஒட்டிய பாறையில் சமண சமயத்தின் குருமார்களான தீர்த்தங்கரர்கள் சிற்பங்களாக வரிசையாக இருப்பார்கள். கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செதுக்கியிருப்பது, அவற்றைச் செய்வித்தவர்களின் பெயர்கள். எல்லாம் 9, 10ஆம் நூற்றாண்டு வேலை.

இறங்கி மலையைத் தென்மேற்காகச் சுற்றிப் போனால் செட்டிப்புடவு. காது நீண்டு உட்கார்ந்திருக்கும் பெரிய மகாவீரரை ஊர்க்காரர்கள் செட்டியார் என்று எண்ணியதால் வந்த பெயர் என்பார்கள். பலர் அவரோடு ஒரு செல்ஃபி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். குகைக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். சிங்கத்தின் மேல் ஒரு பெண், எதிரே யானைமேல் ஒரு வீரன். எனக்கு மகாவீரரைவிட அவளைத்தான் பிடிக்கும்.

மாங்குளம் சமணர் குகைக்குப் போய் வந்தோம். துறவிகளுக்காகப் பாறையில் வெட்டிய கல்படுக்கைகளைத்தான் பார்த்தோம், கல்வெட்டு கண்ணில் படவே இல்லையே?

எல்லோரும் தரையைப் பார்ப்பதால் வரும் வினை இது! குகை வாசலில் நின்று நெற்றியைப் பாருங்கள். பாறை விளிம்பில் புருவம் மாதிரி நீளமாக ஒரு வெட்டு ஓடும். அதைக் காடி என்பார்கள். மேலிருந்து வழிகிற மழைத்தண்ணீர் அந்த இடத்தில் தடைபட்டு வெளியே சொட்டிவிடும், உள்ளே படுத்திருப்பவர் நனையமாட்டார். கல்வெட்டை அந்தக் காடியை ஒட்டித்தான் தேட வேண்டும்.

மாங்குளத்துக் கல்வெட்டு சொல்வது இது: கணிநந்தி என்ற துறவிக்கு, பாண்டிய அரசன் நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி வெட்டிக்கொடுத்த பள்ளி. ராபர்ட் சிவெல் 1882இல் இங்குள்ள கல்வெட்டுகளைக் கண்டறிந்தார். தமிழ் பிராமி என்று இப்போது சொல்லப்படும் இந்த வகைப் பழைய எழுத்தில் இருப்பது தமிழ்தான் என்று கே.வி. சுப்பிரமணிய ஐயர் எடுத்துக்காட்டியது 1924இல். பள்ளி என்ற சொல் அப்போது துறவிகள் தங்கும் இடம். நாம் பிள்ளைகளை அனுப்புகிற பள்ளிக்கும் அதே சொல்தான்.

அப்படியானால் எல்லாமே அரசர்கள் கொடுத்ததா?

இல்லை. அழகர்மலையில் கிடாரிப்பட்டி பக்கத்துக் குகைக்குப் போனால் ஒரு கடைத்தெருவே இருக்கிறது. பொன்கொல்லன், உப்பு வணிகன், ஏர்க்கொழு விற்பவன், அறுவை வணிகன் என்று கொடையாளிகள் தொழிலோடு பெயர் பொறித்திருக்கிறார்கள். அறுவை என்றால் துணி. மதுரையில் உப்பு விற்றவர் ஒருவர் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் சேமித்த காசில் யாருக்கோ கல்லில் படுக்கை செய்துகொடுத்திருக்கிறார். இதற்காகவே அந்த ஏற்றம் ஏறலாம்.

சாக்பீஸ் தேய்த்தால் எழுத்து போட்டோவில் தெளிவாக வருமாமே?

தயவுசெய்து வேண்டாம். சாக்பீஸ், மாவு, எண்ணெய் எதுவும் கூடாது. காலை வெயில் சாய்வாக விழும்போது போங்கள், அல்லது டார்ச்சைப் பாறையை ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். எழுத்துப் பள்ளத்தில் நிழல் விழும், தானாகத் துலங்கும். நேராக அடிக்கும் ஃபிளாஷில் ஒன்றும் தெரியாது.

குழந்தைகளோடு போக அரிட்டாபட்டி சரிப்படுமா ஐயா?

நன்றாகவே சரிப்படும். பாறையைக் குடைந்து செய்த பாண்டியர் காலக் குடைவரைச் சிவன் கோயில், சமணர் குகை, கண்மாய்கள், பாறையில் கூடு வைக்கும் வல்லூறு வகைகள் எல்லாம் பக்கத்துப் பக்கத்தில். கோயிலில் கையில் தடியோடு இருக்கும், சிவனின் வடிவமாகக் கருதப்படும் இலகுலீசரின் சிற்பம் தமிழ்நாட்டில் அபூர்வம். தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட இடம் இது. டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை எதிர்த்து ஊரே திரண்டதும், 2025 ஜனவரியில் அது ரத்தானதும் உங்களுக்கு நினைவிருக்கும். பைனாகுலர் எடுத்துப் போங்கள், கூடுகளின் பக்கத்தில் மட்டும் போக வேண்டாம்.

யானைமலையில் என்ன பார்க்க?

அடிவாரத்தில் நரசிங்கம் ஊரில் இருக்கும் நரசிம்மர் குடைவரைக் கோயில். மாறன்காரி என்ற அமைச்சர் தொடங்கி, முடிக்குமுன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முடித்துவைத்தார். கல்வெட்டுக் கணக்குப்படி கி.பி. 770.

எந்த மாதம் நல்லது?

டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. சித்திரையில் போவதானால் ஒன்பது மணிக்குள் இறங்கிவிடுங்கள், அப்புறம் பாறையில் கை வைக்க முடியாது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லிட்டர்.