எனக்காக ஒன்றும் கேட்பதில்லை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்கு 46 வயது. திருமணமாகி 22 வருடங்கள். இந்த வீட்டில் நான் செய்யாத வேலை இல்லை. மாமியார் படுக்கையில் கிடந்த மூன்று வருடமும் நான்தான் பார்த்துக்கொண்டேன், ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. கணவர் வாயிலிருந்து ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. மகன் வேலைக்குப் போன பிறகு, ஏதாவது தேவைப்பட்டால்தான் போன் செய்கிறான். மகளுக்கு அவள் தோழிகள்தான் எல்லாம்.

சபையிலும் இதே கதைதான். யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் முதலில் போய் நிற்பது நான். போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஒரு சகோதரி மட்டும் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். வேண்டாம் என்றாலும் வந்திருக்கலாம் இல்லையா?

முழங்கால் வலி வேறு. ‘ஏன் ஒரு மாதிரி நடக்கிறாய்’ என்று கணவர் கேட்டால் ஒன்றுமில்லை என்பேன். 22 வருடம் கூட இருப்பவருக்குத் தானாகத் தெரிய வேண்டாமா?

ஜெபத்தில் குறை வைத்ததில்லை. குடும்பம், போதகர், வியாதியஸ்தர் என்று தினமும் ஒவ்வொரு பெயராகச் சொல்லி ஜெபிக்கிறேன். எனக்காக ஒன்றும் கேட்பதில்லை, 11 வயதில் அம்மா பிழைக்க வேண்டும் என்று கேட்டதுதான் கடைசி. அது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது, இத்தனை பேருக்கு இத்தனை செய்தும் ஒருவருக்கும் நன்றி இல்லை என்பதுதான்.

ஞாயிறு பள்ளியில் ‘தேவன் அன்பாகவே இருக்கிறார்’ என்ற வசனத்தைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறேன். அன்பின் ஊற்று அவர்தான் என்று சொல்லிக்கொடுக்கிறேன். அப்படியென்றால் எனக்கு மட்டும் ஏன் இந்த வறட்சி? அன்பு என்றால் என்னவென்று என் கணவருக்கு எப்படிப் புரியவைப்பது?

– ஒரு வாசகி

அன்புச் சகோதரி,

கணவர், பிள்ளைகள், சபை என்று நீங்கள் எழுதிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லப்போவதில்லை. நடுவில் ஒரு வரி எழுதிவிட்டு, ‘அது இருக்கட்டும்’ என்று தாண்டிப் போய்விட்டீர்கள். என்னால் அதைத் தாண்ட முடியவில்லை.

ஒரு சிறுமி தன் அம்மாவுக்காகக் கேட்டாள். அம்மா பிழைக்கவில்லை. இனிமேல் எதையும் கேட்டு ஏமாறுவதில்லை என்று அவள் அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள் என்று நினைக்கிறேன். 35 வருடங்களாக அந்த முடிவை நீங்கள் காப்பாற்றி வருகிறீர்கள், கடவுளிடமும் மனிதர்களிடமும். அந்தச் சகோதரி கேட்டார், வேண்டாம் என்றீர்கள். கணவர் கேட்டார், ஒன்றுமில்லை என்றீர்கள். உங்களுக்கு வருத்தமாக இருந்தாலும் சொல்கிறேன், இந்த இரண்டிலும் நான் அவர்கள் பக்கம்தான். அவர் நல்ல வார்த்தை சொல்லாதது குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டிருக்கிறார்.

கால்களைக் கழுவ இயேசு குனிந்தபோது பேதுருவும் இப்படித்தான் தடுத்தார்: ‘நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது.’ கேட்பதற்குப் பணிவாக இருக்கிறது. இயேசு அதைப் பணிவென்று மெச்சவில்லை. ‘நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை’ என்றார்.

பிள்ளைகளுக்கு நீங்கள் சொல்லித்தரும் வசனம் யோவானின் முதல் நிருபம் 4-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. அதே அதிகாரத்தில் 19-ஆம் வசனம் வரை வாருங்கள். ‘அவர் முந்தி நம்மிடத்தில் அன்புகூர்ந்தபடியால்’ என்று தொடங்கும். அந்த ‘முந்தி’யில்தான் உங்களுக்குச் சிக்கல். எல்லா இடத்திலும் நீங்களே முந்திக்கொள்கிறீர்கள். 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துத் தலைவர் பெர்னார்டு, உன்னதப்பாட்டுக்கு ஆற்றிய பிரசங்கம் ஒன்றில் வாய்க்காலையும் நீர்த்தேக்கத்தையும் ஒப்பிட்டுப் பேசுகிறார். வாய்க்கால் வந்த தண்ணீரை அப்படியே விட்டுவிடும். தேக்கமோ தான் நிறையும்வரை காத்திருந்து, மிஞ்சியதைக் கொடுக்கும். நம் சபைகளில் வாய்க்கால்கள் நிறைய, தேக்கங்கள் குறைவு என்று அவர் அன்றைக்கே வருத்தப்பட்டார். ஊற்று வற்றவில்லை, சகோதரி. அதன் அருகில் உங்களுக்காக நீங்கள் நின்றே வெகுகாலம் ஆகிவிட்டது.

இனி அம்மாவைப் பற்றி. அவர் ஏன் பிழைக்கவில்லை என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. இருப்பதுபோல் எழுதினால் அந்தச் சிறுமியை மறுபடியும் ஏமாற்றுவதாகும். ஆனால் யோவான் 11-ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசியுங்கள். மார்த்தாளிடமும் அவள் சகோதரியிடமும் லாசருவிடமும் இயேசு அன்பாயிருந்தார் என்கிறது 5-ஆம் வசனம். அடுத்த வசனத்திலேயே, லாசரு வியாதியாயிருப்பதைக் கேள்விப்பட்டும் அவர் இரண்டு நாள் அங்கேயே தங்கிவிட்டார் என்று வருகிறது. அவர் வந்து சேர்ந்தபோது லாசருவைக் கல்லறையில் வைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. மார்த்தாள் ‘அது இருக்கட்டும்’ என்று விழுங்கவில்லை. நேரே போய், ‘ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்’ என்றாள். அவள் சகோதரி மரியாளும் அதையே சொல்லி அழுதாள். அவர் இருவரையும் கடிந்துகொள்ளவில்லை, கண்ணீர் விட்டார். லாசரு எழுந்து வந்தான், உங்கள் அம்மா வரவில்லை. அந்த வித்தியாசம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அவர் கண்ணீர் விட்டது லாசரு எழுவதற்கு முன்னால், மரியாளும் அவளோடு வந்தவர்களும் அழுவதைப் பார்த்து.

மார்த்தாள் சொன்னதை நீங்கள் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. கோபமாக இருந்தாலும் சொல்லுங்கள். ஜெபத்தில் இந்த வாரம் மற்ற பெயர்களுக்கு முன்னால் உங்கள் பெயரை வையுங்கள். நாக்கு கூசும், பரவாயில்லை. பெரிதாக எதுவும் வேண்டாம், முழங்கால் வலியிலிருந்தே தொடங்கலாம்.

கணவருக்கு அன்பைப் புரியவைப்பதை அப்புறம் பார்ப்போம். அடுத்த முறை ஏன் ஒரு மாதிரி நடக்கிறாய் என்று அவர் கேட்டால், வலிக்கிறது என்று சொல்லிவிட்டு உட்காருங்கள். அவர் என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.

– அன்புடன், அக்கா